அக்காவின் வலது கால்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் இங்கே சௌகரியம். நீயும் கப்பலின் இன்ஜின் அறைச் சூட்டில் வாடி வதங்காமல் சௌகரியமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. வீட்டுக்கு வராமல் கடை விலாசத்துக்கு, என் பெயருக்கு வந்தது. அதில் அக்காவுக்கென்று ஒரு வரிகூட இல்லை. பஸ் ஓட்டியது போதும், எப்படியாவது எடுத்துச் சொல்லி அவளை டிக்கெட் கவுண்டர் வேலைக்கு ஒத்துக்கொள்ள வையுங்கள் என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாய். எடுத்துச் சொல்ல நான் யார், மாப்பிள்ளை? கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எடுத்துச் சொல்வது அவள், கேட்டுக்கொள்வது நான். இந்த ஏற்பாட்டில் இதுவரை எந்தக் குறையும் வந்ததில்லை.

இருந்தாலும் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற காலம், மூச்சுவிட நேரமில்லை. துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெட்டுகிற மேசையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் பாதியில் எழுந்து போவேன். அங்கங்கே விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ விபத்தைப் பற்றி போனில் அரைகுறையாகக் கேட்டதுதான். முழுதாகச் சொல்லிவிடுகிறேன். மழை விட்ட காலை நேரம். மார்க்கெட் வளைவில் தண்ணீர் கேன் போடுகிற சைக்கிள்காரர் சந்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். உன் அக்கா பிரேக் போட்டாள். ஆனால் சாலையெல்லாம் சேறு. பஸ் வழுக்கிக்கொண்டே போய் அவரைத் தட்டிவிட்டது. அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறார். சக்கரம் தேய்த்த தடத்தைப் பார்த்துவிட்டு, டிரைவர் சரியான நேரத்தில்தான் பிரேக் போட்டிருக்கிறார், அவர்மேல் தவறில்லை என்று டிப்போ விசாரணையில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த மனிதரும் தான்தான் பார்க்காமல் வந்துவிட்டதாகச் சொல்லி வருத்தப்பட்டார்.

இத்தனை பேர் சொல்லியும் உன் அக்கா ஏற்கவில்லை. அந்த நேரத்தில் தன் கால் மரத்துப்போய் நின்றுவிட்டது, தான் தாமதமாகத்தான் மிதித்தோம் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். டிப்போக்காரர்கள் டிப்போவின் பெயரைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்கிறார்களாம். அடிபட்டவர் நல்ல மனசால் சொல்கிறாராம். கட்டின புருஷன் வேறு என்ன சொல்வானாம். ஒவ்வொரு சாட்சியையும் இப்படியே தள்ளிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் நீ போன் செய்து, "நான் அப்பவே சொன்னேனே, இந்த வேலை உனக்கு வேணாம்னு" என்றாய். பதற்றத்தில் வந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை சாட்சியிலும் அவள் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

டிப்போவில் அவளை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். திரும்பி வண்டி ஓட்டுவதா, கவுண்டருக்கு மாறுவதா என்று அவளே யோசித்துச் சொல்லலாம், ஓட்டுவதென்றால் ஒரு சோதனை ஓட்டம் உண்டு என்றார்கள். அவள் யோசிக்கவே இல்லை. சன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். முன்பெல்லாம் விடுமுறை நாளில் என் மெஷினில் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் அடிப்பாள். தையல் கோணல்மாணலாகப் போகும், நான் வாயை மூடிக்கொண்டு பிரித்துத் தைப்பேன். இப்போது அந்தப் பெடலில்கூடக் கால் வைக்க மாட்டேன் என்றாள். பெரிய பஸ்ஸை ஒற்றைக் காலால் அடக்கியவள், தையல் மெஷினுக்குப் பயந்தாள்.

இனி நீ எதிர்பார்க்காத விஷயத்துக்கு வருகிறேன். லைனிங் துணி தேடிப் பரணில் ஏறினேனா, உன் வீடியோ கேம் பெட்டி கைக்குத் தட்டுப்பட்டது. கப்பலுக்குக் கிளம்பும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனாயே, துப்பாக்கியும் கால்பெடலும் உள்ள அந்தப் பெட்டிதான். குப்பையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு உன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் கூடம் முழுக்க வயர். சுவரில் மாட்டியிருக்கிற புது டிவியில் அவளே இணைத்துவிட்டிருந்தாள். படம் வந்தது, சத்தமும் வந்தது. சுட்டால் மட்டும் ஒருவனும் விழவில்லை. தான் தொட்ட எதுவும் உருப்படாது என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது சுடுகிற சாமானே இல்லை, பார்க்கிற சாமான் என்றார். விசையை இழுத்ததும் திரை ஒருமுறை மின்னுமாம். துப்பாக்கி முனையில் இருக்கிற கண் அதைப் பார்த்துத்தான் குறி பட்டதா இல்லையா என்று சொல்லுமாம். பழைய குண்டு டிவி மின்னினால்தான் அதற்குப் புரியும், புது டிவிக்கு முன்னால் அது குருடு என்றார். கடையில் வாடிக்கையாளர்கள் பார்ப்பதற்கென்று வைத்திருந்த என் பழைய டிவிக்கு யோகம் அடித்தது. நானும் அவருமாக அதைத் தூக்கிக்கொண்டு வந்தோம். என் இடுப்பில் இன்னும் பிளாஸ்திரி இருக்கிறது. உன் பெடலின் வயரை எலி தின்றுவிட்டதால், என்னிடம் உபரியாகக் கிடந்த தையல் மெஷின் பெடலுக்குள் ஒரு சுவிட்சை வைத்து அவரே பூட்டிக்கொடுத்தார்.

ஆட்டம் உனக்குத் தெரிந்ததுதான். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். பெடலை மிதித்தால் நம் ஆள் தூண் மறைவிலிருந்து வெளியே வந்து சுடலாம், அவனையும் சுடுவார்கள். காலை எடுத்தால் மறைந்துகொள்வான், தோட்டாவும் நிரம்பிவிடும். மறைந்தே இருந்தால் நேரம் தீர்ந்து தோற்றுப்போவான். இதுதானே?

முதலில் நான்தான் ஆடினேன். தையல்காரன் காலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தையல் ஆரம்பித்துவிட்டால் துணி முடிகிறவரை பெடலிலிருந்து கால் எழும்பாது. எதிரிகள் நாலா பக்கமும் சுடுகிறார்கள், என் ஆளோ வாடிக்கையாளரை வரவேற்கிற மாதிரி நட்டநடுவில் நிற்கிறான். பொத்துப் பொத்தென்று செத்தேன். உன் அக்கா சிரித்துவிட்டாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்காகவே இன்னும் கொஞ்சம் செத்துக் காட்டினேன்.

சிரிப்போடு சிரிப்பாகத்தான் அந்தப் பழைய கதையைச் சொன்னாள். சின்ன வயதில் உங்களுக்கு ஒரே துப்பாக்கி. நீ சுடுவாயாம், அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பெடலைப் பிடித்துக்கொள்வாளாம். எப்போது வெளியே வருவது, எப்போது மறைவது என்பதெல்லாம் அவள் பொறுப்பாம். நீ பெடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாயாம். கோபமில்லாமல்தான் சொன்னாள், மாப்பிள்ளை. சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். குறி என்றால் அப்படி ஒரு குறி. கண்ணாடியில் மூன்று பக்கத்துச் சாலையையும் ஒரே பார்வையில் பார்த்துப் பழகிய கண் அல்லவா. ஆனால் என்னைவிடச் சீக்கிரம் செத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு எதிரி வந்ததும் பெடலிலிருந்து காலை எடுத்து மறைய வேண்டும். இவளோ ஓங்கி மிதிப்பாள். மறைவில் பத்திரமாக இருந்தவன் துள்ளி வெளியே வந்து குண்டடி படுவான். பல சாயங்காலங்கள் இதே கதைதான். "கைக்கு ஞாபகம் இருக்கு, காலுக்கு ஏன் ஏற மாட்டேங்குது" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உள்ளதும் கெட்டுவிடுமோ, இந்த வினையை ஏன் பரணிலிருந்து இறக்கினோம் என்று எனக்கே பயமாகிவிட்டது.

அன்றைக்கு நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்தில் மறுபடியும் அவள் ஆள் சாகிற சத்தம். கேலியாகத்தான் சொன்னேன்: "ஆள் குறுக்க வந்தாலே மிதிக்கிறியே, இது என்ன பஸ்ஸா? காலை எடுத்தாத்தான் தப்பிக்கலாம்."

எட்டிப் பார்த்தேன். துப்பாக்கியை மடியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னை வரச் சொன்னாள். டிவிக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், திரையைப் பார்க்க வேண்டாம், என் காலை மட்டும் பாருங்கள் என்றாள். கத்தியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்தேன். ஆட்டத்தைத் தொடங்கினாள். சுடவே இல்லை, சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் கதவு உடைகிற சத்தம் கேட்கும். அதற்குள் அவள் பாதம் கீழே போயிருக்கும். ஆள் சாவான், மறுபடி தொடங்குவாள். மறுபடி கதவு, மறுபடி பாதம். ஒருமுறையாவது தயங்குமா என்று கண் இமைக்காமல் பார்த்தேன். தயங்கவில்லை.

"லேட்டாகுதா?" என்று கேட்டாள்.

"இல்ல. சத்தம் என் காதுக்கு வர்றதுக்குள்ள உன் கால் கீழ இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

டிவியை அணைக்கக்கூட இல்லை. இரண்டு கையாலும் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அன்னிக்கும் மிதிச்சிருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு அழுகைதான். விபத்து நடந்த அன்றுகூட அவள் அழவில்லை, மாப்பிள்ளை. எனக்கும் கண்ணில் தண்ணீர். என்னிடம் வெங்காயம் இருந்ததால் மானம் தப்பியது.

நாங்கள் அத்தனை பேர் சொல்லியும் கேட்காதவள் இதை எப்படி நம்பினாள் என்று நீ கேட்கலாம். நாங்களெல்லாம் அவள் மனசு நோகக்கூடாதென்று பேசியவர்கள். அந்தப் பெட்டிக்கு அந்த இங்கிதமெல்லாம் கிடையாது. நீ மிதித்தாய், அதனால் செத்தாய் என்று ஒவ்வொரு தடவையும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அதன் பிறகு நடந்ததுதான். எலெக்ட்ரீஷியன் விஷயம் கேட்டுவிட்டு வந்து, இனிமேல் கொஞ்சம் பழகினால் கால் தானாக ஆட்டத்துக்குப் படிந்துவிடும், ஜெயித்துவிடலாம் என்றார். நானும் ஆமாம் போட்டேன். உன் அக்கா குனிந்து, பெடலை இடது கால் பக்கம் தள்ளி வைத்தாள். "வலது காலுக்கு ஆள் குறுக்க வந்தா மிதிக்கணும்னுதான் தெரியும். ஒரு விளையாட்டுல ஜெயிக்கறதுக்காக அதை மறக்க வெக்க மாட்டேன்" என்றாள். வலது காலை நாற்காலிமேல் மடித்து வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத இடது காலை வைத்து முதலிலிருந்து தொடங்கினாள். அந்தக் கால் செய்த அட்டூழியத்தை ஏன் கேட்கிறாய். விட வேண்டிய இடத்தில் மிதிக்கும், மிதிக்க வேண்டிய இடத்தில் தூங்கும். ஒருமுறை பெடலையே உதைத்து அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டது. அவள் சலிக்கவில்லை. இப்போது நானெல்லாம் பார்த்தே இராத கட்டத்துக்குப் போய்விட்டாள், அங்கே ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு சுடுகிறார்கள். தன் ஆளை மறைப்பதும் வெளியே கொண்டுவருவதும் இடது கால், தரையைத் தொடாமல் மடங்கியிருப்பது வலது கால். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது. பொண்டாட்டியைப் புகழ்கிறான் என்று நீ சிரித்தாலும் பரவாயில்லை. ஒரு மனுஷிக்குத் தன் வேலைமேல் இவ்வளவு மரியாதை இருந்து நான் பார்த்ததில்லை.

பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கிற ஆள் வந்துவிட்டார். பிறகு எழுதுகிறேன்.

பிறகு என்றேனே தவிர, சில நாள் ஓடிவிட்டது. நல்லதாகப் போயிற்று. உனக்குச் சொல்ல இன்னும் விஷயம் சேர்ந்திருக்கிறது.

உன் அக்கா டிப்போவுக்குப் போய், கவுண்டர் வேண்டாம், வண்டியே கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள். இதில் என் பங்கு எதுவும் இல்லை. கூடப் போனதோடு சரி. சோதனை ஓட்டத்துக்கு வந்த பயிற்சியாளரை டிரைவர்கள் எல்லாரும் ஹேண்ட்பிரேக் என்றுதான் சொல்வார்களாம். அவர் வந்து உட்கார்ந்தால் ஒரு வண்டியும் நகராதாம். மைதானத்தைச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார், எந்த இடத்தில் என்று சொல்லாமல் திடீரென்று முன்பலகையில் ஓங்கித் தட்டுவார், உடனே நிறுத்த வேண்டும். அதுதான் சோதனை. நான் வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி முதலில் கிளம்பவே இல்லை. இன்ஜின் உறுமிக்கொண்டே நின்றது. அவள் இறங்கிவிடுவாளோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாக நகர்ந்தது. ஒரு சுற்று போனது, அடுத்த சுற்றில் கொஞ்சம் வேகம் வந்தது. தூரத்துத் திருப்பத்தில் போய்க்கொண்டிருந்த பஸ் அப்படியே ஆணி அறைந்ததுபோல் நின்றது. ஹேண்ட்பிரேக்கின் தொப்பி முன்கண்ணாடியில் மோதி விழுந்ததை வேலியிலிருந்தே பார்த்தேன். இறங்கி வந்ததும் அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே, "அடுத்த தடவை நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தட்டறேம்மா" என்றாராம். இதுவரை அவர் யாரையும் இவ்வளவு பாராட்டியதில்லை என்று பக்கத்தில் நின்ற கண்டக்டர் சொன்னார்.

எந்தத் தடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கொஞ்ச நாளைக்கு நெரிசலில்லாத புறவழித் தடம் தருகிறோம் என்று தாங்களாகவே சொன்னார்களாம். இவள் மார்க்கெட் தடமே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஏன் இந்த வீம்பு என்று கேட்டேன். அந்த வளைவு மழையில் எப்படி வழுக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும் என்றாள். நியாயம்தான்.

பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. நேற்று அவள் சீருடையைப் பிடித்துத் தைக்க எடுத்தேன். உடம்பு இளைத்துவிட்டாள், இடுப்பில் நிறைய தளர்வு. அவளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஊசி குத்தும்போது துணி லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. ஆடியது துணி இல்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். நேராக நில், இல்லாவிட்டால் தையல் கோணிவிடும் என்றேன். நின்றாள். எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். நன்றாகச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் துணி தைக்கிறேன்.

நாளைக் காலை முதல் வண்டியில் நானும் ஏறப்போகிறேன். பின்வரிசையில் உட்கார வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், தெரிந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். ஒத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை, உன் கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்டு இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது, அவள் அந்த வளைவை எத்தனையோ தடவை தாண்டியிருப்பாள். நீ நினைத்தாலும் அதை இனி நிறுத்த முடியாது. நிறுத்த நினைக்கவும் வேண்டாம். உன்மேல் அவளுக்குக் கோபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தினமும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், கடைக்குக் கடிதம் ஏதாவது வந்ததா என்று கேட்கிறாள். யாரிடமிருந்து என்று கேட்பதில்லை. இல்லை என்றால் சரி என்று உள்ளே போய்விடுகிறாள். உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் என்ன சொல்ல முடியும்? அவளுக்கென்று ஒரு வரி இல்லாத கடிதத்தை எப்படிக் காட்டுவேன்? இல்லை என்றே சொல்லிவிட்டேன்.

ஆகவே எனக்குப் பதில் எழுதாதே. கரையில் இறங்கியதும் அவளுக்குப் போன் செய். கடைக்கு வேண்டாம், அவள் போனுக்கே செய். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்காதே, ஜாக்கிரதையாக இரு என்று மட்டும் சொல்லிவிடாதே. வண்டி எப்படி ஓடுகிறது என்று கேள். நீயும் இன்ஜினோடு குடித்தனம் நடத்துகிறவன், உனக்குக் கேட்கத் தெரியும். கிளட்ச் இறுகியது, கண்ணாடி ஆடுகிறது என்று அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவாள். குறுக்கே பேசாமல் ம் கொட்டிக்கொண்டிரு. கடைசியில், வைத்துவிடுவதற்கு முன்னால், அன்றைக்கு அவள் சரியான நேரத்தில்தான் பிரேக் போட்டாள் என்று ஒரு தடவை சொல்லிவிடு. நான் சொன்னால் புருஷன் சொல்கிறான் என்பாள். நீ சொல்லப்பா.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும். நல்லபடியாகப் போய் நல்லபடியாக வந்து சேர்.

இப்படிக்கு,
நாளைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போகப்போகும்
உன் அத்தான்